இளம் வைட் ரிசீவர்: எதை வைத்து எடைபோடுவது?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில், கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்ட் 2024 ஏப்ரலில் நடந்தபோது மார்வின் ஹாரிசன் ஜூனியரை நான்காவது வீரராக அரிசோனா கார்டினல்ஸ் எடுத்தது. லாட் மெக்கான்கியை 34ஆவதாக லாஸ் ஏஞ்சலிஸ் சார்ஜர்ஸ் எடுத்தது. இருவரும் வைட் ரிசீவர்கள். அதாவது ஓரத்திலிருந்து ஓடி, குவார்ட்டர்பேக் எறியும் பந்தைப் பிடிப்பவர்கள். அந்த ஆகஸ்டில் அமெரிக்கா முழுக்க நடந்த ஃபேன்டஸி டிராஃப்டுகளில் ஹாரிசன் பெரும்பாலும் முதலிரண்டு சுற்றுகளுக்குள் போய்விட்டார். மெக்கான்கியின் பெயர் பல சுற்றுகள் கழித்துத்தான் வந்தது. பருவம் முடிந்தபோது ஹாரிசன் 62 கேட்ச், 885 யார்டு, 8 டச்டவுன். மெக்கான்கி 82 கேட்ச், 1,149 யார்டு, 7 டச்டவுன்.

ஒரு ஜோடியை வைத்து எந்தக் கொள்கையையும் நிறுவவும் முடியாது, கவிழ்க்கவும் முடியாது. ஆனால் இந்த ஜோடி எழுப்பும் கேள்வி பழையது. தொழில்முறை ஆட்டத்தில் இன்னும் ஒரு பந்தைக்கூடப் பிடிக்காத, அல்லது ஓராண்டு மட்டுமே ஆடிய இரண்டு இளைஞர்களில் யாரைத் தேர்ந்தெடுப்பது? இதற்கு நாற்பது ஆண்டுகளில் குறைந்தது ஆறு விதமான பதில்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் முந்தையதை ஓரளவு திருத்தியது. எதுவும் முழுமையாக வெல்லவில்லை.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. நிஜ வீரர்களைத் தேர்ந்தெடுத்து, களத்தில் அவர்கள் எடுக்கும் எண்களுக்கேற்பப் புள்ளி பெறும் ஃபேன்டஸி ஃபுட்பால் 1962இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக்கும் நண்பர்களும் உருவாக்கியது. முதல் டிராஃப்ட் 1963இல் நடந்தது. ஒரு லீக்கில் ஒரு வீரர் ஒருவருக்கே சொந்தம் என்பதால் இது ஐ.பி.எல். ஏலத்துக்கு நெருக்கமானது; ஒரே வீரரை ஆயிரம் பேர் எடுத்துக்கொள்ளும் செயலி விளையாட்டுகளைப் போன்றதல்ல. இன்று பரவலான முறையில் கேட்ச் ஒன்றுக்கு 1 புள்ளி, 10 யார்டுக்கு 1 புள்ளி, டச்டவுனுக்கு 6 புள்ளி. இந்தக் கணக்கின்படி மேலே சொன்ன ஹாரிசனுக்கு ஏறக்குறைய 199, மெக்கான்கிக்கு 239. பதினேழு ஆட்டங்களில் 40 புள்ளி என்பது லேசான இடைவெளி அல்ல.

மூன்றாம் ஆண்டு நம்பிக்கை

முதல் பதில் பொறுமை. வைட் ரிசீவர் மூன்றாம் ஆண்டில்தான் மலர்வார், அதுவரை அவர்மேல் செலவழிக்காதே என்பது 1980, 90களின் ஃபேன்டஸி இதழ்களில் ஏறக்குறைய விதியாகவே இருந்தது. காரணமும் நியாயமாகத் தோன்றியது. கல்லூரி அணிகள் அன்று ஓட்ட ஆட்டத்தையே நம்பின. அங்கிருந்து வரும் இளைஞர் தடித்த வியூகப் புத்தகத்தை மனப்பாடம் செய்ய வேண்டும், கோட்டிலேயே மறித்து நெருக்கும் கார்னர்பேக்குகளிடமிருந்து நழுவக் கற்க வேண்டும், குவார்ட்டர்பேக்குடன் நேரக்கணக்கு ஒத்துவர வேண்டும்.

சான்றுகளும் கிடைத்தன. டெரல் ஓவன்ஸ் மூன்றாம் ஆண்டான 1998இல் 1,097 யார்டும் 14 டச்டவுனும் எடுத்தார். ரோடி ஒயிட் முதலிரண்டு ஆண்டுகளில் 446, 506 யார்டு என்று தடுமாறி, 2007இல் 1,202 யார்டு சேர்த்தார். பின்னாளில் டவான்டே ஆடம்ஸ் இதே பாதையில் வந்தார்: 446, 483, பிறகு 2016இல் 997 யார்டும் 12 டச்டவுனும்.

இந்த விதிக்கு எதிரான சாட்சிகள் அன்றே இருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. ஜெரி ரைஸ் இரண்டாம் ஆண்டிலேயே, 1986இல், 1,570 யார்டு எடுத்துவிட்டார். ராண்டி மாஸ் 1998இல் முதலாண்டிலேயே 17 டச்டவுன் அடித்தார். இவர்களை விதிவிலக்கு என்று ஒதுக்கி வைத்ததால் விதி பிழைத்தது. 2014 டிராஃப்டில் வந்த வகுப்பு அந்த வசதியையும் பறித்தது. ஓடெல் பெக்கம் ஜூனியர் முதல் நான்கு ஆட்டங்களைக் காயத்தால் தவறவிட்டும் 12 ஆட்டங்களில் 1,305 யார்டு எடுத்தார். மைக் எவன்ஸும் கெல்வின் பெஞ்சமினும் ஆயிரத்தைத் தாண்டினார்கள். பிறகு 2020இல் ஜஸ்டின் ஜெஃபர்சன் 1,400, அடுத்த ஆண்டு ஜமார் சேஸ் 1,455, 2023இல் பூக்கா நகூவா 1,486.

இந்த மாற்றத்துக்குப் பல காரணங்கள் சேர்ந்திருக்கலாம். கல்லூரிகள் பரந்து விரிந்த பாஸிங் ஆட்டத்துக்கு மாறின. பள்ளி மாணவர்கள்கூடக் கோடை முழுக்க எழுவர் ஆட்டத்தில் பந்து பிடித்துப் பழகுகிறார்கள். ரிசீவரைத் தொட்டு மறிப்பதற்கு எதிரான விதியை 2004 முதல் நடுவர்கள் கடுமையாக அமல்படுத்தினார்கள். எது எவ்வளவு பங்களித்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். மூன்றாம் ஆண்டு விதி இன்று வழக்கில் இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அதன் எச்சமான ஒரு கவனிப்பு இன்னும் செல்லும். முதலாண்டு ரிசீவர்களில் பலர் பருவத்தின் பிற்பகுதியில்தான் வேகம் பிடிக்கிறார்கள். ஜெஃபர்சன் முதல் இரண்டு ஆட்டங்களில் சேர்த்து 5 கேட்ச்தான். மூன்றாவது ஆட்டத்தில் 175 யார்டு. 2021இல் நான்காம் சுற்று வீரரான அமன்-ரா செயின்ட் பிரவுன் தன் 90 கேட்சுகளில் பெரும்பகுதியைப் பிற்பாதியில் எடுத்தார். பொறுமை தேவைதான், ஆனால் அதன் அளவு ஆண்டுகளிலிருந்து வாரங்களுக்குச் சுருங்கிவிட்டது.

ஓட்டக் கடிகாரம்

இரண்டாவது பதிலை நீண்ட நேரம் ஆராயத் தேவையில்லை. ஆண்டுதோறும் இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைன் தேர்வில் 40 யார்டு ஓட்டத்தைக் கடிகாரம் வைத்து அளக்கிறார்கள். எண் தெளிவானது, தொலைக்காட்சிக்கு ஏற்றது, ஒப்பிட எளிது. அதனாலேயே அதற்கு அளவுக்கு மீறிய மரியாதை கிடைத்தது. 2009இல் ரெய்டர்ஸ் 4.30 வினாடி ஓடிய டேரியஸ் ஹேவர்ட்-பேயை ஏழாவதாக எடுத்தது. முதலாண்டில் அவர் பிடித்தது 9 பந்து. 2017இல் 4.22 ஓடி அன்றைய சாதனை படைத்த ஜான் ராஸை சின்சினாட்டி ஒன்பதாவதாக எடுத்தது. முதலாண்டில் ஒரு கேட்ச்கூட இல்லை. அதே ஆண்டு 4.62 மட்டுமே ஓடிய கூப்பர் கப் 69ஆவதாகப் போனார்; 2021இல் கேட்ச், யார்டு, டச்டவுன் மூன்றிலும் லீக்கின் முதலிடம் அவருக்கே.

வேகம் வீண் என்பதல்ல வாதம். 4.33 ஓடிய டி.கே. மெட்காஃப் முதலாண்டில் 900 யார்டு எடுத்தார். 103 கிலோ உடம்போடு அந்த வேகம் என்பதுதான் அங்கே முக்கியம். வேகத்துக்கு உரிய மதிப்பை அணிகள் டிராஃப்ட் வரிசையிலேயே கொடுத்துவிடுகின்றன, அதற்கு மேலும் ஃபேன்டஸி ஆட்டக்காரர் ஒருமுறை கொடுத்தால் ஒரே பண்புக்கு இருமுறை விலை கொடுத்ததாகிறது என்பதே இங்குள்ள விமர்சனம். எடையோடு சேர்த்துப் பார்க்கும் அளவுகோல்கள் வந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. கடிகாரத்தைத் தவிர்த்தவர்களும் உண்டு. ஹாரிசன் கம்பைனிலும் ஓடவில்லை, கல்லூரி நடத்திய தேர்விலும் ஓடவில்லை. அதற்காக யாரும் அவரைக் கீழே இறக்கவுமில்லை.

டிராஃப்ட் வரிசை என்னும் சாட்சி

மூன்றாவது தரப்பின் வாதம் எளிமையானது. 32 அணிகளும் கோடிக்கணக்கில் செலவழித்து, மருத்துவ அறிக்கை முதல் பயிற்சியாளர் வாக்குமூலம் வரை திரட்டி ஒரு வரிசையை உருவாக்குகின்றன. அந்த வரிசையை நம்பு, அதற்கு மேல் புத்திசாலித்தனம் காட்டாதே. ஒற்றை எண்ணாக எதையாவது நம்ப வேண்டுமென்றால் இதை நம்புவதே நல்லது என்பதில் ஆய்வாளர்களிடையே ஓரளவு உடன்பாடு உண்டு. முதல் சுற்று ரிசீவர்கள், மூன்றாம் சுற்று ரிசீவர்களைவிடக் கூட்டமாகப் பார்த்தால் நிச்சயம் மேல்.

சிக்கல் இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, வரிசையில் அருகருகே இருப்பவர்களைப் பிரிக்க இது உதவாது. பொருளியலாளர்கள் கேட் மேஸியும் ரிச்சர்ட் தேலரும் என்.எஃப்.எல். டிராஃப்டை ஆராய்ந்து, அணிகள் தம் கணிப்பின்மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்து மேலிடங்களுக்கு அதிக விலை கொடுக்கின்றன என்று காட்டினார்கள். ஒரு வீரர், அதே நிலையில் தனக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆடும் வாய்ப்பு பாதிக்குச் சற்றே மேல்தான். 2020இல் பிலடெல்பியா 21ஆவதாக ஜேலன் ரேகரை எடுத்தது. 22ஆவதாக மினசோட்டா எடுத்தது ஜெஃபர்சனை. ஃபேன்டஸி ஆட்டக்காரரின் கேள்வியோ பெரும்பாலும் இப்படி அருகருகே நிற்கும் இருவரைப் பற்றியதுதான்.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. உயர்ந்த இடத்தில் எடுக்கப்பட்டவருக்கு அணி அதிக வாய்ப்பு கொடுக்கிறது. வாய்ப்பு கிடைத்ததால் எண்கள் ஏறுகின்றன. எண்கள் ஏறியதால் வரிசை சரி என்று நிரூபணமாகிறது. இந்த வட்டத்தில் எவ்வளவு திறமை, எவ்வளவு சலுகை என்று பிரிக்க ஒரே வழி, சலுகை இருந்தும் விழுந்தவர்களையும் சலுகை இல்லாமல் எழுந்தவர்களையும் பார்ப்பது. 2017 அதற்கு நல்ல ஆண்டு. முதல் பத்துக்குள் மூன்று ரிசீவர்கள் போனார்கள்: கோரி டேவிஸ், மைக் வில்லியம்ஸ், ராஸ். மூவரும் சேர்ந்து அந்த முதலாண்டில் 470 யார்டு. டச்டவுன் ஒன்றுகூட இல்லை. 62ஆவதாக எடுக்கப்பட்ட ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டர் தனியாக 917 யார்டு, கப் 869. அப்படியான ஆண்டுகள் அடிக்கடி வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வயதும் பங்கும்

2010களின் தொடக்கத்தில், அணிகளின் கணிப்பைக் கல்லூரி எண்களால் முந்த முடியும் என்று ஒரு புதிய தரப்பு கிளம்பியது. ரோட்டோவிஸ், பிளேயர் புரொஃபைலர் போன்ற தளங்கள் இதன் தாய்வீடு. இரண்டு கருவிகள் முக்கியமானவை. ஒன்று, அணியின் மொத்தப் பாஸிங் யார்டிலும் டச்டவுனிலும் ஒரு ரிசீவர் எத்தனை சதவீதம் தன்னுடையதாக்கினார் என்ற பங்கு. மற்றது, அந்தப் பங்கு ஒரு வரம்பை எந்த வயதில் முதன்முதலாகத் தாண்டியது என்பது. பத்தொன்பது வயதில் இருபத்திரண்டு வயதுக்காரர்களை வென்றவர், இருபத்துமூன்று வயதில் பத்தொன்பது வயதுக்காரர்களை வென்றவரைவிடத் திறமைசாலியாக இருக்கக்கூடும் என்பது அடிப்படைத் தர்க்கம். இந்தத் துறையில் இதுவரை வந்தவற்றுள் மிகச் சுத்தமான சிந்தனை இதுதான் என்று தோன்றுகிறது.

வெற்றிகளும் உண்டு. ஜூஜூ இருபது வயதில் லீக்குக்குள் வந்தவர்; வயதை எண்ணியவர்கள் அவரை முன்பே குறித்து வைத்திருந்தார்கள். தாமதமாக மலர்ந்து, 2015இல் ஏழாவதாக எடுக்கப்பட்ட கெவின் ஒயிட், சிகாகோவில் மொத்தமாகவே 285 யார்டுதான் எடுத்தார். ஆனால் ஒயிட்டைச் சாய்த்தது தொடர் காயங்கள். அவரை வயதுக் கொள்கையின் வெற்றியாகக் காட்டுவது நேர்மையல்ல, இருந்தும் பலர் காட்டுகிறார்கள். எதிர்ப்பக்கத்தில் கால்வின் ரிட்லி: இருபத்துமூன்று வயதில் வந்து முதலாண்டில் 10 டச்டவுன், மூன்றாம் ஆண்டில் 1,374 யார்டு. கப் தன் முதல் பருவத்தில் இருபத்துநான்கு வயதுக்காரர்.

பங்குக் கணக்கின் பெரிய ஓட்டை, சக வீரர்களின் தரம். 2021 ஒஹையோ ஸ்டேட் கல்லூரி அணியில் கேரட் வில்சன், கிறிஸ் ஒலாவே இருவரும் இருந்தார்கள். அடுத்த டிராஃப்டில் 10, 11ஆவது இடங்களில் அடுத்தடுத்துப் போனவர்கள். அவர்களோடு பந்தைப் பகிர்ந்துகொண்டே ஜாக்சன் ஸ்மித்-இன்ஜிக்பா 95 கேட்ச், 1,606 யார்டு எடுத்தார். வெறும் சதவீதம் இதன் கனத்தைக் காட்டாது. 2019 எல்.எஸ்.யு. கல்லூரி அணியில் ஜெஃபர்சனும் சேஸும் ஒரே பந்துக்காக நின்றார்கள். மெக்கான்கியின் கதை இன்னும் சங்கடமானது: ஜார்ஜியா கல்லூரி அணியில் எந்த ஆண்டும் அவர் 800 யார்டை எட்டவில்லை. பந்துகள் முதலில் சக வீரர் புராக் பவர்ஸுக்கே போயின, கடைசி ஆண்டில் காயம் வேறு. கணக்கை மட்டும் பார்த்தவர் அவரைத் தள்ளியிருப்பார்.

இப்போது இன்னொரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. கோவிட் காலத்தில் கல்லூரி வீரர்களுக்குக் கூடுதலாக ஓராண்டு ஆட அனுமதி கிடைத்தது. 2021 முதல் கல்லூரியிலேயே விளம்பர வருமானம் ஈட்டலாம். அணி மாறுவதும் எளிதாகிவிட்டது. நல்ல வீரர்கள் அவசரப்பட்டு வெளியேற வேண்டியதில்லை. பழைய தரவில் கட்டிய வயது வரம்புகள் இந்தத் தலைமுறைக்குப் பொருந்துமா என்பது இன்னும் தெளிவாகவில்லை.

யார் எறிகிறார், யார் விலகினார்

ஐந்தாவது பதில் வீரரைவிட்டுச் சூழலைப் பார்க்கிறது. குவார்ட்டர்பேக் யார், பழைய ரிசீவர்கள் போனதால் எத்தனை பந்துகள் காலியாக இருக்கின்றன, பயிற்சியாளர் பாஸிங்கை விரும்புபவரா என்பன இதன் கேள்விகள். மெக்கான்கிக்கு இது அழகாகப் பொருந்தும். 2024 மார்ச்சில் சார்ஜர்ஸ் கீனன் ஆலனை சிகாகோவுக்கு மாற்றிக்கொடுத்தது, மைக் வில்லியம்ஸை விடுவித்தது. எறிபவர் ஜஸ்டின் ஹெர்பர்ட்.

ஆனால் அதே ஆண்டு இந்தக் கொள்கையை உடைக்கவும் ஆள் தந்தது. நியூயார்க் ஜயன்ட்ஸின் மலிக் நேபர்ஸுக்குப் பந்து எறிந்த டேனியல் ஜோன்ஸை அணி நவம்பரில் விடுவித்தது. பிறகு டாமி டிவீட்டோ, டிரூ லாக். நேபர்ஸ் 15 ஆட்டங்களில் 109 கேட்ச், 1,204 யார்டு. ஜாக்சன்வில்லில் டிரெவர் லாரன்ஸ் காயத்தால் ஏழு ஆட்டங்களில் இல்லை; பிரையன் தாமஸ் ஜூனியர் 1,282 யார்டும் 10 டச்டவுனும் எடுத்தார். புள்ளிக் கணக்கில் தாமஸ் 275, நேபர்ஸ் 271. ஹாரிசனுக்கோ கைலர் மரி பருவம் முழுக்க எறிந்தார். சூழல் கணிப்பு பின்னோக்கிப் பார்க்கும்போது எப்போதும் பொருந்துவதும், முன்னோக்கிப் பார்க்கும்போது பாதி நேரம் தவறுவதும் இதன் வழக்கமான குறை.

நகூவா இங்கே தனியாகப் பேசத் தக்கவர். 2023இல் 177ஆவதாக எடுக்கப்பட்டவர். பருவம் தொடங்கும்போது அவரை எடுத்த ராம்ஸ் அணியில் கப் காயத்தால் இல்லை, அதனால் இடம் காலி. முதல் ஆட்டத்தில் 10 கேட்ச், 119 யார்டு. இரண்டாவதில் 15 கேட்ச், 147 யார்டு. கப் திரும்பி வந்ததும் இவர் மறைந்துவிடுவார் என்று சூழல்வாதிகள் சொன்னார்கள், தர்க்கப்படி சொன்னதும் சரிதான். ஐந்தாவது ஆட்டத்தில் கப் திரும்பினார். நகூவா முதலாண்டுச் சாதனைகளை உடைத்து 105 கேட்சில் முடித்தார். கதவைத் திறந்தது வாய்ப்பு, உள்ளே இருக்க வைத்தது வேறொன்று. அந்த வேறொன்றை 177ஆவது இடம் வரை 32 அணிகளில் எதுவும் அளந்திருக்கவில்லை, ராம்ஸ் உட்பட.

ரூட் கணக்கு

அந்த 'வேறொன்றை' அளக்கும் முயற்சியே ஆறாவது பதில், அண்மைய போக்கு. கேட்சையும் யார்டையும் எண்ணுவதற்குப் பதிலாக, ரிசீவர் ஓடிய ஒவ்வொரு ரூட்டுக்கும், அதாவது வகுக்கப்பட்ட ஓட்டப் பாதைக்கும், எத்தனை யார்டு கிடைத்தது, எத்தனை முறை பந்து அவரை நோக்கி வந்தது என்று பார்க்கிறார்கள். பந்து வருவதே ஒரு திறமை, ஏனெனில் தடுப்பாளரிடமிருந்து விலகி நிற்பவருக்குத்தான் குவார்ட்டர்பேக் எறிவார் என்பது வாதம். மேட் ஹார்மன் போன்றவர்கள் ஒரு படி மேலே போய், பந்து வராத ரூட்டுகளையும் காணொளியில் ஒவ்வொன்றாகப் பார்த்து, ரிசீவர் வென்றாரா இல்லையா என்று குறிக்கிறார்கள். குவார்ட்டர்பேக்கின் தவறை ரிசீவரின் கணக்கில் ஏற்றாமலிருக்க இதைவிட நல்ல வழி இன்றில்லை.

குறைகள்: குறிப்பவரின் கண் நடுவராகிறது, எல்லா ஆட்டங்களையும் பார்க்க முடியாததால் மாதிரி சிறிது, கல்லூரியின் எளிய ரூட்டுகளை வைத்துத் தொழில்முறை ரூட்டுகளைக் கணிக்க வேண்டியிருக்கிறது. முதலாண்டை முடித்த இருவரை ஒப்பிட இது வலுவான கருவி. இன்னும் ஆடாத இருவருக்கு அவ்வளவு அல்ல.

தீராதவை

இந்த ஆறையும் அடுக்கிப் பார்த்தால், இவை ஒரே கேள்விக்கான ஆறு பதில்கள் அல்ல என்று தெரிகிறது. யாரிடம் திறமை இருக்கிறது என்பது ஒரு கேள்வி. யாரிடம் பந்து போகும் என்பது வேறு கேள்வி. வயதுக்காரர்களும் ரூட் கணக்கர்களும் முதலாவதற்குப் பதில் சொல்கிறார்கள், சூழல்வாதிகள் இரண்டாவதற்கு. டிராஃப்ட் வரிசை இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகத் தருகிறது. அதன் வலிமையும் குழப்பமும் அதிலிருந்தே வருகின்றன. ஓராண்டு லீக்கில் இரண்டாவது கேள்வி பெரிது. வீரரைப் பல ஆண்டுகள் வைத்திருக்கும் டைனஸ்டி லீக்கில் முதலாவது பெரிது. ஒரே பட்டியலை இரண்டு லீக்குகளுக்கும் பயன்படுத்துபவர்கள் செய்யும் தவறு இதுதான்.

முதலாண்டின் வெற்றி எவ்வளவு நிலைக்கும் என்பதும் தீரவில்லை. மைக்கேல் கிளேட்டன் 2004இல் முதலாண்டில் 1,193 யார்டு எடுத்தார். அதற்குப் பின் எந்த ஆண்டும் 500 யார்டைத் தாண்டவில்லை. 2024இல் ஜொலித்த தாமஸ், 2025இல் புதிய பயிற்சியாளரின்கீழ் ஆயிரத்தைத் தொடவில்லை; நேபர்ஸ் நான்காவது ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். காயத்தை எந்தக் கொள்கையும் கணிக்கவில்லை. மாதிரியின் சிறுமையும் இருக்கிறது: ஆண்டுக்கு முதல் சுற்றில் நான்கைந்து ரிசீவர்கள்தான் போகிறார்கள். ஒரே ஒரு ஆண்டின் வகுப்பு ஒரு வரம்பை மேலேயோ கீழேயோ தள்ளிவிடும். இவ்வளவு சிறிய குவியலில் இரண்டு தசம இடங்கள் வரை கொடுக்கப்படும் கணிப்புகளைச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. பயிற்சி முகாமிலிருந்து வரும் செய்திகளையும் அப்படியே. 2021 ஆகஸ்டில் சேஸ் பந்துகளை நழுவவிட்டதாகச் செய்தி பரவி அவர் விலை சரிந்தது. கல்லூரிப் பந்தில் இருக்கும் வெள்ளைக் கோடுகள் என்.எஃப்.எல். பந்தில் இல்லை என்று அவர் சொன்னபோது பலர் சிரித்தார்கள். அந்தப் பருவத்தில் அவர் 13 டச்டவுன் அடித்தார்.

இப்போதைக்குச் சொல்லக்கூடியது இவ்வளவே. ஒரே வகுப்பில், டிராஃப்டின் முதல் நாற்பது இடங்களுக்குள் போன இரு ரிசீவர்களுக்கிடையே ஃபேன்டஸி விலையில் நான்கைந்து சுற்று வித்தியாசம் இருந்தால், ஓராண்டு லீக்கில் பின்னால் வருபவரை எடுப்பதே பெரும்பாலும் லாபம். டைனஸ்டியில் இளையவரை, சக வீரர்களின் தரத்தைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, எடுக்கலாம். எந்த வகை லீக்கானாலும், இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடாத ரிசீவருக்கு இரண்டாம் சுற்று விலை கொடுக்கும் அளவுக்கு இந்த ஆறு முறைகளில் எதுவும் தேறவில்லை.